கொட்டகலை ஈரத்தில் ஒரு கிரிப்டோ வொலட்: சில மழைக்காலங்கள் கழிந்த பின்

பிட்கொயின், ஈதர் போன்ற டிஜிட்டல் நாணயங்களின் சாவியை வைத்திருக்கும் கிரிப்டோ வொலட் கருவிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதிவிடுகிறார்கள். திரை தெளிவாக இருக்கிறதா, பட்டன் நன்றாக அமுங்குகிறதா என்று அதில் நிறைய இருக்கும். வருடத்தில் பாதி நாள் சுவரே வியர்த்துக்கொண்டிருக்கும் மலையகத்துக் கொட்டகலை வீடொன்றில், அந்தக் கருவியும் அதற்குரிய இரகசியச் சொற்களும் சில வருடங்கள் கழித்து என்ன நிலையில் இருக்கும் என்பதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதைத்தான் இங்கே பகிர்கிறேன்.

என்னிடம் இருப்பது டுபாயில் வேலை செய்த காலத்தில் சம்பளத்தில் மிச்சம் பிடித்து அங்கேயே வாங்கிய கொஞ்சம் பிட்கொயினும் ஈதரும். ஊர் திரும்பும்போது அவற்றை எக்ஸ்சேஞ்சிலேயே, அதாவது வாங்கி விற்கும் நிறுவனத்திலேயே, விட்டுவர மனம் வரவில்லை. 2014இல் மவுண்ட் கொக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் மூழ்கியபோதும், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற இன்னொன்று கவிழ்ந்தபோதும் மாட்டிக்கொண்டவர்கள் எல்லாம் சாவியை அந்த நிறுவனங்களிடமே விட்டு வைத்திருந்தவர்கள். இலங்கையில் நிலைமை இன்னும் இறுக்கம். மத்திய வங்கி 2018, 2021, 2022 ஆகிய ஆண்டுகளில் பொதுமக்களை எச்சரித்தது. இந்தத் தொழிலுக்கு யாருக்கும் அனுமதிப்பத்திரம் கொடுக்கவில்லை என்பதையும் சொன்னது. 2021ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணிப் பணிப்புரைப்படி கிரெடிட் கார்டிலோ டெபிட் கார்டிலோ மெய்நிகர் நாணயத்துக்குப் பணம் கட்டவும் முடியாது. ஆகவே காசு தொலைந்தால் போய் முறையிட ஒரு கவுண்டர் கிடையாது. பாதுகாப்பு முழுக்க நம் தலையில்தான்.

புதிதாக வருகிறவர்கள் ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கருவிக்குள் நாணயம் எதுவும் இல்லை. கணக்கு பிளொக்செயினில், அதாவது பல கணினிகளில் பரவியிருக்கும் பொதுப் பதிவேட்டில், இருக்கிறது; அதை அசைக்கும் தனிச் சாவிதான் கருவிக்குள் இருக்கிறது. அந்தச் சாவிகளுக்கெல்லாம் மூலமான இலக்கத்தை மனிதர்கள் எழுதிவைக்கத் தோதாக 2013இல் பிப் 39 என்ற முறையை முன்வைத்தார்கள். 2,048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்கள், குறிப்பிட்ட வரிசையில். கருவி உடைந்தாலும் இன்னொரு கருவியில் அந்தச் சொற்களைக் கொடுத்து எல்லாவற்றையும் மீட்கலாம். சொற்கள் போனால் கருவி இருக்கும்வரைதான் காசு. சொற்கள் இன்னொருவன் கண்ணில் பட்டால் கருவியும் வேண்டியதில்லை, அதைத் திறக்கும் பின் (PIN) இலக்கமும் வேண்டியதில்லை, அவன் எங்கிருந்தும் எடுத்துக்கொள்வான்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என்னுடையது இரண்டு பட்டன், சின்னத் திரை, யுஎஸ்பி வயர், அவ்வளவுதான். பேட்டரி இல்லாத ரகத்தைப் பார்த்துத்தான் எடுத்தேன். மாதக்கணக்கில் அலுமாரிக்குள் கிடக்கும் பொருளுக்கு பேட்டரி ஒரு வீண் தொல்லை. தேயிலைத் தூளை வைப்பதுபோல இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வைத்திருக்கிறேன். நம்ம ஊர் ஈரத்துக்கு அந்தப் பொட்டலம் சீக்கிரமே நிறைந்துவிடும். அடுப்பின் இளஞ்சூட்டில் உலர்த்தி மறுபடி போட வேண்டும், இல்லாவிட்டால் வைத்தும் பயனில்லை. இன்றைக்கும் வயர் பொருந்தும் இடம் சுத்தமாக, களிம்பு பிடிக்காமல் இருக்கிறது. ஒருமுறை மென்பொருள் புதுப்பிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், ரவுட்டரும் நின்றது. கருவி பாதியில் நின்றாலும், கரண்ட் வந்ததும் மறுபடி இணைத்ததில் விட்ட இடத்திலிருந்து முடித்துக்கொண்டது. அந்த இடைவேளையில் நான் பதறாமல் இருந்ததற்குக் காரணம் கருவி இல்லை, உலோகத்தில் அடித்து வைத்திருந்த 24 சொற்கள்.

அந்த உலோகத்துக்கு வருவோம். இந்த அனுபவத்தில் சொல்லத் தகுந்த பெரும்பகுதி அதுதான்.

கருவியோடு சொற்களை எழுத ஒரு கடதாசி அட்டை கொடுப்பார்கள். ஐரோப்பாவில் சூடேற்றிய அறைக்குள் அது பத்து வருடம் கிடக்கலாம். இங்கே எப்படி என்று பார்க்க, சம்பந்தமில்லாத சொற்களைச் சில அட்டைகளில் எழுதி டிரங்குப் பெட்டிக்குள் போட்டு வைத்தேன். ஜெல் பேனாவில் எழுதியது ஒரு தென்மேற்குப் பருவமழை முடிவதற்குள்ளேயே ஊறிப் பரவிவிட்டது. பந்துமுனைப் பேனா வெளிறியது, சில எழுத்துகள் எதிர் அட்டையில் ஒட்டிக்கொண்டன. பென்சில் எழுத்து மட்டும் வாசிக்கக்கூடியதாக நின்றது. கரி நீரில் கரையாது. ஆனால் அட்டையே பூசணம் பூத்து, ஓரத்தை இராமபாணப் பூச்சி அரித்திருந்தபோது எழுத்து நின்று என்ன பயன்? லெமினேட் செய்யலாமே என்பார்கள். மூலை வழியாக ஈரம் உள்ளே போனால் பிறகு வெளியே வராது. அதைவிட முக்கியம், லெமினேட் செய்ய கொமியூனிகேஷன் கடைக்குத்தான் போக வேண்டும். மிஷினுக்குள் விடுகிற பையன் 24 சொற்களையும் பார்த்துவிடுவான்.

ஃபோனில் படம் எடுத்து வைப்பது அதைவிட மோசம். படங்கள் தானாகவே கூகுள் கணக்குக்குப் போய்விடும். 2025 பெப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் ஸ்பார்க்கேட் என்ற தீநிரலைப் பற்றி வெளியிட்டது. ஃபோனில் உள்ள படங்களில் இருக்கும் எழுத்துகளை வாசித்து, இந்த மாதிரிச் சொற்களைத் தேடி எடுத்து அனுப்புவதே அதன் வேலை. கூகுள் பிளேயிலும் அப்பிளின் கடையிலும் இருந்த செயலிகளுக்குள்ளேயே அது இருந்தது.

எனவே எவர்சில்வர். இதற்கென்றே விற்கும் தகடுகள் வெளிநாட்டில் உண்டு, விலையும் அதிகம், தபாலில் வரும் பெட்டியே உள்ளே என்ன என்று ஊருக்குச் சொல்லிவிடும். ஹட்டனில் ஹார்ட்வெயார் கடையில் 8 மில்லிமீட்டர் போல்ட், நட், அகலமான வாஷர்கள், எழுத்து அடிக்கும் பஞ்ச் செட் எல்லாம் வாங்கலாம். கடைக்குப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைக் கொண்டுபோங்கள். நல்ல எவர்சில்வரில் காந்தம் இறுக ஒட்டாது. நாகம் (துத்தநாகம்) பூசிய இரும்பில் டக்கென்று ஒட்டும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் பளபளக்கும்.

ஒரு வாஷருக்கு ஒரு சொல். பட்டியலில் உள்ள எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக வராது, ஆகவே நான்கு எழுத்து அடித்தால் போதும். பின்பக்கம் வரிசை எண். அடித்து முடித்த வாஷர்களைப் போல்ட்டில் கோர்த்து நட்டால் இறுக்கிவிட வேண்டும். 6, 9 ஆகியவற்றுக்கு அடியில் ஒரு புள்ளி வைக்காவிட்டால் பிறகு எது எதுவென்று தெரியாது. தலைகீழாகப் பார்த்தால் மாறிப்போகும் ஆங்கில எழுத்துகளுக்கும் அப்படியே. எவர்சில்வர் கடினமானது, பலகைமேல் வைத்து அடித்தால் எழுத்து பதியாது, பஞ்ச்தான் துள்ளும். பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் தண்டவாளத் துண்டு ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டேன். துண்டைத்தான் வாங்கலாம், ஆளைக் கூப்பிட முடியாது. பட்டறையில் கொடுத்தால் அழகாக அடித்துத் தருவார்கள், கூடவே சாவியையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்ட மாதிரி. தகரக் கூரையில் மழை கொட்டும் நேரமாகப் பார்த்து அடித்தேன். பக்கத்துக் காம்பராவுக்கு, அதாவது அடுத்த வீட்டுக்கு, அந்தச் சத்தம் கேட்காது.

மிஞ்சிய வாஷர்களில் பொய்ச் சொற்களை அடித்து, ஒன்றைத் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்திலும் ஒன்றை அடுப்புக்கு மேலேயும் தொங்கவிட்டிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்கப் பக்கத்தில் மாட்டிய நாகம் பூசிய வாஷர் துருவேறி எழுத்தை விழுங்கிவிட்டது. எவர்சில்வரில் லேசான செம்பழுப்புக் கறை மட்டும்தான், விரலால் தடவினாலே எழுத்து தெரிகிறது. தீயைப் பற்றியும் யோசித்துத்தான் செய்தேன். லயன்களில், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய தோட்ட வீடுகளில், மின் ஒழுக்கால் தீப்பிடித்து ஒரே இரவில் வரிசையாகக் காம்பராக்கள் எரிந்துபோவது நமக்குப் புதிதில்லை. எவர்சில்வர் உருக 1,400 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும், வீட்டுத் தீ அந்த அளவுக்குப் போவதில்லை.

தீயைத் தாங்குவது சரி, மண்சரிவை? 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்களையே மண் மூடியதைப் பார்த்த நாம், எல்லாவற்றையும் ஒரே வீட்டில் வைப்பதை எப்படி ஏற்பது? தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சிவப்பு எச்சரிக்கை விட்டால் பிள்ளைகளையும் பிறப்புச் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். அந்த நேரத்தில் போல்ட்டைத் தேடிக்கொண்டிருக்கும் நிலை வரவே கூடாது. அதனால் இதே மாதிரி இரண்டாவது ஒன்றை அடித்து மாத்தளையில் அக்கா வீட்டில் வைத்திருக்கிறேன். சிலர் 24 சொற்களை இரண்டாகப் பிரித்து, பாதி இங்கே பாதி அங்கே என்று வைப்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஏதாவது ஒரு பாதி போனாலும் முழுவதும் போய்விடும். பாதுகாப்பு கூடுவதற்குப் பதிலாக ஆபத்துதான் இரண்டு மடங்காகிறது.

முழுச் சொற்களும் இரண்டு வீட்டில் இருந்தால் திருட்டுக்கு இரண்டு வாய்ப்பு என்பது உண்மை. அதற்கு நான் நம்புவது கடவுத்தொடர். 24 சொற்களுக்கு மேலே நாமே தெரிவுசெய்து சேர்க்கும் ஒரு தொடர் அது. போல்ட் யார் கையில் கிடைத்தாலும் அந்தத் தொடர் இல்லாமல் என் கணக்குத் திறக்காது. ஆனால் இதில் ஒரு கடுமை உண்டு: தவறான தொடரைக் கொடுத்தால் கருவி "பிழை" என்று சொல்லாது. ஒவ்வொரு தொடருக்கும் ஒரு புதிய வொலட்டைத் திறந்து காட்டும், அது வெறுமையாக இருக்கும். ஓர் எழுத்து பெரிதாகவோ சிறிதாகவோ மாறினாலும் அப்படித்தான். காசெல்லாம் போய்விட்டது என்று நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும் முன் தொடரை நிதானமாக மறுபடி அடித்துப் பாருங்கள். அதை மறந்துவிட்டால் மீட்டுத் தர உலகத்தில் யாரும் இல்லை, ஆகவே அதுவும் எழுத்தில் இருக்க வேண்டும், போல்ட் இல்லாத மூன்றாவது இடத்தில்.

இவ்வளவு செய்தும், நான் கண்ட இழப்பு ஒன்றுகூட ஈரத்தாலோ மண்ணாலோ வந்ததில்லை. எங்கள் தோட்டத்துத் தம்பி ஒருவர், கொழும்பில் கடையொன்றில் நின்று சேர்த்த காசை ஃபோன் வொலட் ஒன்றில் வைத்திருந்தார். பரிமாற்றம் ஒன்று தாமதமாக, டெலிகிராமில் உதவி கேட்டார். உதவிப் பிரிவு என்று சொல்லிக்கொண்டு ஒருவன் வந்து, வொலட்டைச் சரிபார்க்க ஒரு பக்கத்தில் 12 சொற்களையும் பதியச் சொன்னான். பதிந்து சில நிமிடங்களில் கணக்கு காலி. படித்த, கவனமான பிள்ளைதான். அவரைக் குறை சொல்லவே மாட்டேன். மரியாதையாக "சகோதரா" என்று பேசுகிறவனை நம்புவது நம் ஊர்ப் பழக்கம். இதை வாசிக்கும் தம்பி, தங்கைகளே, எந்த நிறுவனத்தின் எந்த அலுவலரும் அந்தச் சொற்களைக் கேட்க வேண்டிய தேவையே இல்லை. கேட்கிறவன் திருடன், அதில் விலக்கே கிடையாது. மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறோம் என்று டவுன் மண்டபத்தில் கூட்டம் போடுகிறவர்களும் அதே கூட்டம்தான். ஆள் சேர்த்தால் கமிஷன் என்ற பிரமிட் திட்டம் வங்கிச் சட்டத்தின் 83இ பிரிவின்கீழ் குற்றம்.

பரிமாற்றம் செய்யும்போது கணினித் திரையை நம்பாமல் கருவியின் திரையில், காசு போய்ச் சேர வேண்டிய முகவரியை முழுவதும் வாசிப்பதை நான் ஒருநாளும் விட்டதில்லை. முதல் சில எழுத்தும் கடைசிச் சில எழுத்தும் ஒன்றாக இருக்கும் போலி முகவரியை நம் பழைய பரிமாற்றங்களின் பட்டியலுக்குள் நுழைப்பது ஒரு தந்திரம். 2024 மே மாதத்தில் ஒருவர் அப்படி ஏமாந்து ஏறக்குறைய 6 கோடி 80 இலட்சம் டொலரைத் தவறான இடத்துக்கு அனுப்பினார். 2025 பெப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்ச் சுமார் 150 கோடி டொலரை இழந்தபோது, பல பேர் ஒப்பமிட வேண்டிய ஏற்பாடு இருந்தும், அவர்கள் திரையில் பார்த்தது ஒன்று, ஒப்பமிட்டது வேறொன்று. கருவி எவ்வளவு நல்லதானாலும், வாசிக்காமல் பட்டனை அமுக்கினால் அது தடுக்காது.

மனைவிக்கு நான் எழுதி வைத்திருக்கும் கடிதத்தையும் இந்த ஏற்பாட்டின் ஒரு பகுதியாகவே நினைக்கிறேன். பிப் 39இல் ஆங்கிலத்தோடு ஜப்பானியம், கொரியம், சீனம், ஸ்பானியம், பிரெஞ்சு என்று பட்டியல்கள் உண்டு. தமிழுக்கும் சிங்களத்துக்கும் இல்லை. சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைக்கலாமா என்று அவர் கேட்டார். கூடாது, நம் "ப" ஒன்றே இரண்டு ஆங்கில எழுத்துக்கு நிற்கிறது, மீட்கும்போது குழம்பிவிடும். ஆகவே கடிதத்தில் சொற்கள் எதுவும் இல்லை. போல்ட் என்பது என்ன, எங்கே கேட்க வேண்டும், எதை எந்த வரிசையில் செய்ய வேண்டும், யார் உதவிக்கு வந்தாலும் எதைக் காட்டக் கூடாது என்பதெல்லாம் தமிழில், நிதானமாக. வருடா வருடம் மழை ஓய்ந்த தை, மாசியில் அவரே கருவிக்குள் இருப்பதை அழித்துவிட்டு, போல்ட்டைப் பார்த்து மீட்டுக் காட்டுவார், நான் வெறுமனே பக்கத்தில் இருப்பேன். மீட்டுப் பார்க்காத சொற்களைக் காப்பு என்று நான் கணக்கில் எடுப்பதில்லை.

இனி வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு. லெட்ஜர் நானோ எஸ் பிளஸ், ட்ரெஸர் சேஃப் 3 போன்ற அடிப்படை மாடல்கள் வெளிவந்தபோது விலை 79 டொலர். 2024இல் தோட்டத் தொழிலாளியின் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. அந்தச் சம்பளத்தில், டொலர் 300 ரூபாய் என்று வைத்தால்கூட, 18 நாள் முழுப்பேர் (முழுநாள் வேலை) போட்ட காசு அது. உங்களிடம் இருக்கும் கிரிப்டோவின் பெறுமதி அதைவிடப் பல மடங்கு இல்லையென்றால் கருவி தேவையில்லை, ஃபோன் வொலட்டே போதும். வாங்குவதானால் தயாரித்த நிறுவனத்திடமோ அதன் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள், பெட்டிக்குள் சொற்கள் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். வாஷர், போல்ட் செலவு இதில் ஒரு சிறு பங்குதான், அதை ஃபோன் வொலட் வைத்திருப்பவரும் செய்துகொள்ளலாம். பஞ்ச் செட் என்னிடம் சும்மாதான் கிடக்கிறது. தெரிந்தவர்கள் கேட்டால் தருவேன், தண்டவாளத் துண்டை மட்டும் அவர்களே தேடிக்கொள்ள வேண்டும்.