கல் சிலேட்டு: எட்டு மாதம் பாவித்த பிறகு எழுதுகிறேன்

மகனுக்கு வருகிற தையில்தான் முதலாம் தரம். அதுவரை முன்பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே சொல்லிக் கொடுக்கிறேன். (இலங்கையில் 5 வயதிலிருந்து 16 வரை பள்ளிக்கூடம் கட்டாயம், நான் சொல்வது அதற்கு முந்திய பிள்ளைகளுக்கு.)

முதலில் இணையத்தில் ஒரு பெரிய பெட்டி வாங்கினேன். படஅட்டை, ஸ்டிக்கர், பயிற்சித்தாள், மணிக்கணக்குப் போட்ட நேரசூசி என்று எல்லாமே இருந்தது. இரண்டு கிழமைக்குள் மேசை முழுக்கக் கடதாசி. நேரசூசியைத் துரத்திக்கொண்டு நான் ஓட, அவன் அழ, ஒருநாள் பிழையாகப் போட்ட கோட்டை அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாளே கிழிந்துபோய், பென்சிலை எறிந்துவிட்டு கதவுக்குப் பின்னால் போய் நின்றுவிட்டான். அன்றைக்கே பெட்டி அலுமாரிக்கு மேலே ஏறியது.

அப்புறம்தான் திருகோணமலை மத்திய வீதிப் பக்கம் ஒரு கொப்பிக் கடையில் இந்த மரச்சட்டம் போட்ட கல் சிலேட்டைக் கண்டேன். அந்தப் பெட்டியின் விலைக்கு இதில் பத்து வாங்கலாம். இதில் பிழை விட்டால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான், பிழை போய்விடும். அவனுக்குத் துடைப்பதே பெரிய சந்தோசம். துடைத்த இடம் கறுப்பாக மின்னி, ஓரத்திலிருந்து மெல்ல மெல்லக் காய்ந்து சாம்பல் நிறமாகும்வரை குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பான், நானும் அவசரப்படுத்துவதில்லை.

எழுத்தையும் அகரவரிசையில் தொடங்கவில்லை. ட, ப என்று நேர்கோட்டு எழுத்துகளில் தொடங்கினோம், 'அ'வின் சுழி நாலரை வயது விரலுக்குப் பெரிய வேலை. காலையில் ஒரு மணித்தியாலம், அதற்கு மேல் இல்லை. பின்னேரம் சிலேட்டையும் தூக்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் போவோம், கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் நிற்கும் மான்களுக்கு மானுக்கு ஒரு கோடு போடுவான். போன கிழமை பதினொரு கோடு. எண்ணி முடித்துவிட்டு, "அம்மா, குட்டிக்குச் சின்னக் கோடு போட்டனான்" என்றான். உண்மைதான், கடைசிக் கோடு பாதி உயரம்.

குறைகளும் இருக்கின்றன. சிலேட்டுப் பென்சில் சிலநேரம் கிறீச்சென்று பல்லைக் கூசவைக்கும், நுனியை ஈரமாக்கினால் சரி. சீமெந்துத் தரையில் விழுந்தால் கல் உடையும், எங்களுடையதில் ஒரு மூலை ஏற்கெனவே போய்விட்டது. நாளாக நாளாகப் பழைய எழுத்து வெள்ளையாகப் படிந்து நிற்கும். அதற்கு என் அம்மா கோவை இலையையும் அடுப்புக்கரியையும் சேர்த்துக் கசக்கித் தேய்த்துக் காட்டினா, புதுசு மாதிரி வந்துவிட்டது. தகரச் சிலேட்டு உடையாதுதான், ஆனால் பெயின்ட் உரிந்தால் பிறகு எழுத்துப் பிடிக்காது, அதை வாங்காதீர்கள்.

விஜயதசமிக்கு ஏடு தொடக்க எல்லோரும் தேடுவார்கள், அதற்கு முன்பே போய் எடுங்கள். வாங்கும்போது சட்டத்தின் நாலு மூலையையும் அசைத்துப் பாருங்கள், ஆடினால் வேறு கேளுங்கள்.