சைரன் ஜீப்பா, கட்டைகளா, பப்பாசிப் புத்தகமா?

கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தோழியின் மகளுக்கு முதன்முதலாக நான் கொடுத்த நத்தார்ப் பரிசு ஒரு பொலிஸ் ஜீப். அப்போது அவளுக்கு ஒன்றே கால் வயது. பொத்தானை அமுக்கினால் சிவப்பும் நீலமும் மின்னும், சைரன் அலறும், சுவரில் முட்டினால் தானாகவே திரும்பி ஓடும். கடைக்காரர் ஓட்டிக் காட்டியபோது எனக்கே ஆசையாக இருந்தது. தைப்பொங்கல் கழிந்து அந்த வீட்டுக்குப் போனேன். ஜீப் அலுமாரிக்கு மேல் நின்றது. "பழுதாகிவிட்டது" என்றாள் தோழி, என் முகத்தைப் பார்க்காமல். தேநீருக்குக் கரண்டி எடுக்கக் குசினி லாச்சியைத் திறந்தேன். கரண்டிகளுக்குப் பக்கத்தில் மூன்று பற்றரிகள் ஒரு றப்பர் வளையத்தால் கட்டப்பட்டுக் கிடந்தன.

அவள்மேல் குற்றமில்லை. இரண்டு அறைத் தொடர்மாடி வீடு அது. கணவருக்கு இரவு வேலை, பகலில்தான் தூக்கம். மாலையில் அம்மம்மா செபமாலை சொல்வார். அந்த வீட்டுக்குள் நான் ஒரு சைரனை அனுப்பி வைத்திருந்தேன்.

சொந்தப் பிள்ளைக்கு வாங்கியது சரிவராவிட்டால் நாமே தூக்கி ஒளித்து வைத்துவிடலாம். சிநேகிதர் வீட்டில் அதை அவர்கள் ஒளித்து வைக்க வேண்டும், நாம் வரும் நாளில் நடிக்கவும் வேண்டும். ஆகவே சென்ற நத்தாருக்குக் கடை ஏறுமுன் மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டேன். பெரியவர்கள் யாரும் கூட இருந்து இயக்காமல் பிள்ளை தானாகவே எடுத்து விளையாட வேண்டும். தாய்க்கு வேலை கூடக் கூடாது. இதற்கு ஈடாக என்ன செய்வது என்ற கணக்கும் தோழியின் மனதில் ஏறக் கூடாது. தீபாவளிக்கு எங்கள் வீட்டுப் பலகாரம் அங்கே போவதும், ரவையும் கஜுவும் போட்ட நத்தார்க் கேக் அங்கிருந்து வெள்ளவத்தைக்கு வருவதுமாக எங்களுக்குள் ஒரு சமநிலை இருக்கிறது. அதைக் குலைக்காமல் இருக்க 5000 ரூபாய் என்று வரம்பு போட்டேன். பிள்ளைக்கு அப்போது வயது இரண்டே கால்.

பற்றரிச் சாமான்களை அனுபவத்தாலேயே ஒதுக்கியிருப்பேன். ஆனாலும் புறக்கோட்டையில் கெய்சர் வீதிப் பக்கம் டிசம்பரில் நடந்தால் காலடியிலேயே அவைதான் ஓடுகின்றன: ஆடும் நத்தார்த் தாத்தா, பாடும் மீன், முட்டையிட்டபடி நடக்கும் கோழி. விலையும் மலிவு. நான் நின்று பார்த்தது சத்தத்துக்காக அல்ல, மூடிக்காக. ஒரு குட்டிப் பாட்டுப் பெட்டியைத் திருப்பி, பற்றரி மூடியை நகத்தால் தள்ளினேன். திறந்துவிட்டது. திருகாணி இல்லை. உள்ளே பளபளவென்று ஒரு நாணயப் பற்றரி.

இந்தத் தட்டைப் பற்றரிகளைப் பற்றி வீடுகளில் போதிய பயம் இல்லை. 20 மில்லிமீற்றர் அகலமான லித்தியம் பற்றரி சின்னப் பிள்ளையின் உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால், அங்குள்ள ஈரத்தில் மின்னோட்டம் பாய்ந்து காரம் உண்டாகி, 2 மணி நேரத்துக்குள்ளேயே சதையை எரித்துவிடலாம். பற்றரி உடைந்து கசிய வேண்டும் என்றுகூட இல்லை. பாட்டுப் பாட வலுவில்லாமல் தேய்ந்துபோன பற்றரியிலும் அதற்குப் போதிய மின்சாரம் மிஞ்சியிருக்கும். விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே போதும், அறிகுறிக்குக் காத்திருக்காமல் பொரளை லேடி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, எது கிட்டவோ அங்கேயோ ஓட வேண்டியதுதான். ஆகவே திருகாணி போட்டுப் பூட்டாத மூடி என்றால், மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அந்தச் சாமான் வேண்டாம். எழுத்துச் சொல்லித்தரும் திரைப் பலகை ஒன்றையும் ஒரு கடையில் காட்டினார்கள். 2 வயது நிறையும்வரை திரையே வேண்டாம், அதன் பிறகு 4 வயதுவரை நாளுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொல்லியிருக்கிறது. அந்த 1 மணி நேரத்தைத் தகப்பனின் கையடக்கத் தொலைபேசி ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதற்கு நேர் எதிரே கட்டைகள். ஜீப்பில் பிள்ளை செய்வது ஒரு வேலை, அமுக்குவது. மற்றதையெல்லாம் ஜீப்தான் செய்கிறது. கட்டை கிடந்த இடத்தில் கிடக்கும். பிள்ளை கைவைத்தால்தான் அது கோபுரம், பஸ், குசினி எல்லாம். சத்தம் என்றால் சரியும்போது மட்டும். குறை என்றால் இரவில் வெறுங்காலால் அதை மிதிக்கும் தகப்பனுக்குத்தான்.

லெகோ நிறுவனத்தின் டூப்லோ என்ற பெரிய கட்டைகள் இந்த வயதுக்கென்றே 1969 இல் வந்தவை. சாதாரண லெகோவைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்கு, அதாவது கன அளவில் 8 மடங்கு. வாய்க்குள் போகாது. பிள்ளை வளர்ந்ததும் சின்னக் கட்டைகளை இதன்மேலேயே பொருத்தலாம் என்பது எனக்குப் பிடித்த கெட்டித்தனம். காலி வீதியில் குளிரூட்டிய கடை ஒன்றில் அசல் பெட்டியை எடுத்தேன். விலைச் சீட்டைப் பார்த்தேன். எடுத்த இடத்திலேயே வைத்தேன். வரம்புக்குள் அடங்கிய பெட்டியில் விரல்விட்டு எண்ணக்கூடிய துண்டுகள்தான் இருந்தன.

அதனால் மறுநாள் மறுபடியும் புறக்கோட்டை. அதே மாதிரிப் பெரிய கட்டைகள் பெயர் தெரியாத பெட்டிகளில் மூன்று விதம் இருந்தன. "நானா, ஒன்றைத் திறந்து பார்க்கலாமா?" என்றேன். "வாங்குவதென்றால் பாருங்கள் தங்கச்சி" என்றார். இந்தச் சம்மதம் கிடைக்காத கடையில் கட்டை வாங்காதீர்கள். முதல் விதத்தில் இரண்டைப் பொருத்தினேன், பிரிக்க எனக்கே பல் தேவைப்பட்டது. இரண்டே கால் வயது விரல் அதோடு அழுதுவிடும். இரண்டாம் விதம் தொளதொள, நான்கு அடுக்கியதும் சாய்ந்தது. மூடியைத் திறந்ததுமே மண்ணெண்ணெய் போல ஒரு நெடி வேறு. மூன்றாவது 'டக்' என்று பொருந்தி, சற்று முறுக்கியதும் கழன்றது. விளிம்புகளில் கட்டை விரலை ஓட்டினேன், அச்சு வார்த்த பிசிறு எதுவும் கீறவில்லை. 60 துண்டுகள். சொன்ன விலையில் கால்வாசியைக் குறைத்துக் கொடுத்தார், அதற்கு நான் இரண்டு தரம் படியிறங்க வேண்டியிருந்தது.

ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளும் ஒரு வினை இருந்தது. கட்டைகளோடு நான்கு குட்டி மனிதர்களும் கழற்றக்கூடிய சில்லுகளும் இருந்தன. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் சாமான்களைச் சோதிக்க ஒரு சிறு உருளையை வைத்திருக்கிறார்கள். அதன் வாய் 31.7 மில்லிமீற்றர். நசுக்காமல் அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் தொண்டையை அடைக்கக்கூடியது என்று கணக்கு. வீட்டில் அந்த உருளைக்கு எங்கே போவது? தண்ணீர்ப் போத்தல் மூடியைவிடச் சற்றே பெரிய வட்டத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சந்தேகமானால் சந்தேகப்பட்டதை எடுத்துவிட வேண்டும். பெட்டியின் மூலையில் சிவப்பு வட்டத்துக்குள் 0-3 என்று எழுதிக் குறுக்கே கோடு போட்ட ஒரு முகம் அச்சிட்டிருந்தால் அதுவும் இதைத்தான் சொல்கிறது. மனிதர்களையும் சில்லுகளையும் ஒரு உறையில் போட்டு என் மேசைக்குள் வைத்துக்கொண்டேன். தரம் ஒன்றுக்குப் போகும்போது கொடுத்தால் சரி.

கட்டைகளுக்கு உண்மையான போட்டி புத்தகம். என் மனம் முதலில் போனதும் அங்கேதான். வெள்ளவத்தையில் இருந்துகொண்டு பூபாலசிங்கம் புத்தகசாலையைத் தாண்டி விளையாட்டுச் சாமான் தேடப் போவது எனக்கே கொஞ்சம் குற்ற உணர்வு. ஆனால் இரண்டே கால் வயதுக்கு வேண்டியது தடித்த அட்டைப் புத்தகம். மெல்லிய தாளென்றால் நத்தார் மாலைக்குள் இரண்டாகக் கிழியும். அட்டைப் புத்தகம் என்று கேட்டால் எங்கேயும் அதிகம் கைக்கு வருவது ஆங்கிலம்: ஆப்பிள், பனிமனிதன், புகைக்கூட்டு வீடு. கொட்டாஞ்சேனைப் பிள்ளைக்குப் பனிமனிதன் யார்? தமிழ்ப் படப் புத்தகங்களுக்குச் சென்னைப் பதிப்பகங்களைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறோம். துலிகா போன்றவை தமிழும் ஆங்கிலமுமாக அழகாகவே செய்கின்றன. ஓவியங்களில் மண்ணின் நிறம் தெரிகிறது.

கையில் கிடைத்த ஒரு பழப் புத்தகத்தை வாங்கிவந்து, பொதி கட்டுமுன் தோழியின் அம்மாவிடம் தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். நமது 'பப்பாசி'க்கு அதில் 'பப்பாளி' என்று இருந்தது, 'வத்தகப்பழ'த்துக்குத் 'தர்பூசணி'. "அது கிடக்கட்டும் பிள்ளை, நான் பப்பாசி என்றுதான் வாசிப்பேன்" என்றார் அம்மம்மா. என் மூன்று விஷயங்களில் முதலாவதில் புத்தகம் தோற்கிறது, பெரியவர் ஒருவர் மடியில் வைத்து வாசிக்க வேண்டும். ஆனால் அந்தப் பெரியவர் அந்த வீட்டில் இருக்கிறார், அதுவும் திருத்தி வாசிக்கத் தயாராக. தாயும் தகப்பனும் வேலைக்குப் போய், பிள்ளையைப் பகல் பராமரிப்பில் விடும் வீடென்றால் இந்தப் புத்தகம் ஒரு மாதம் ராக்கையில் தூங்கியிருக்கும். அங்கே நான் புத்தகத்தை ஒதுக்கிக் கட்டையை மட்டும் கொடுத்திருப்பேன்.

துணிமணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. நள்ளிரவுப் பூசைக்கான சட்டை கார்த்திகையிலேயே தைத்தாகிவிடும். நாம் கொடுப்பது இரண்டாவது சட்டைதான். ஏற்றுமதிக்குத் தைத்து மிஞ்சியவை இங்கே நல்ல விலையில் கிடைப்பது உண்மை. ஆனால் அவை ஐரோப்பியப் பிள்ளைகளின் அளவு. இரண்டு வயதென்று போட்டிருப்பது நம் பிள்ளைக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கும். துணிப் பொம்மை என்றால் காலி வீதியில் பெயார்ஃபுட் கடையின் கைத்தறி மிருகங்களை எனக்கு அவற்றின் நிறத்துக்காகவே பிடிக்கும். கொழும்பின் ஈரக் காற்றில், வெயில் விழாத தொடர்மாடி வீட்டில், பஞ்சடைத்த எதுவும் தூசியையும் பூஞ்சணத்தையும் சேர்த்துக்கொள்ளும். தோழியின் மகளுக்கு இழுப்பு வரும். வராத பிள்ளையென்றால் என் முடிவு மாறியிருக்கக்கூடும்.

என் பெரியம்மாவுக்கு இந்த அலைச்சல் ஒன்றும் புரியவில்லை. "செட்டியார் தெருவில் ஒரு சின்னத் தோடு வாங்கிப் போடு" என்றார். தங்கம் விற்கும் விலையில் அது பரிசாக இருக்காது, தோழியின் தலையில் ஏற்றிய கடனாகத்தான் இருக்கும். பதிலுக்கு என் வீட்டு விசேஷத்துக்கு அவள் என்ன செய்வாள் என்று அன்றிரவே கணக்குப் போடத் தொடங்கிவிடுவாள்.

வங்கிக் கணக்கு யோசனை அதைவிடக் கனமானது, ஒதுக்க மனம் வரவில்லை. இலங்கை வங்கியின் ரண் கெகுளு, தேசிய சேமிப்பு வங்கியின் ஹபன், ஹட்டன் நஷனல் வங்கியின் சிங்கிதி என்று சிறுவர் கணக்குகளுக்கு இங்கே குறைவில்லை. உண்டியல் தருவார்கள், தொகை ஏறினால் புத்தகப் பையும் தருவார்கள். பொதுவாக 18 வயதுவரை பணத்தை எடுக்க முடியாது. சிலருக்கு இது குறை. அவசரத்துக்குப் பிள்ளையின் காசில் கைவைக்கும் நம் வீடுகளுக்கு இதுவே நல்லது என்பது என் எண்ணம். முதல் நத்தார் கொண்டாடும் கைக்குழந்தைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை, அதற்கு விளையாடவும் தெரியாது, ஏமாறவும் தெரியாது. ஜீப் வாங்கிய ஆண்டில் இதைச் செய்திருக்க வேண்டும். இரண்டே கால் வயதுக்காரி வாசலில் ஓடிவந்து என் இரண்டு கைகளையும் பார்ப்பாள். அவளிடம் வைப்புச் சீட்டை நீட்டும் துணிவு எனக்கில்லை.

ஆகவே கட்டைகள், கூடவே பப்பாசிப் புத்தகம். இரண்டும் சேர்ந்து வரம்புக்குள் அடங்கின. கடைசி நேரத்தில் கட்டைப் பெட்டியை வீசிவிட்டு, மூடி போட்ட ஒரு மஞ்சள் வாளி வாங்கி அதற்குள் கட்டைகளைக் கொட்டினேன். அட்டைப் பெட்டி இரண்டு வாரத்தில் பிய்ந்துவிடும், அதன் பிறகு 60 துண்டுகளையும் கட்டிலுக்கடியிலிருந்து தும்புத்தடியால் இழுத்தெடுப்பது தாயின் பாடு. சவர்க்கார நீரில் கழுவிக் காயவைத்து, ஒரு நாள் வெயிலும் காட்டினேன்.

25 ஆம் திகதி மாலை அங்கே போனேன். புனித லூசியாள் பேராலயப் பக்கம் மின்விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. தோழி கேக் வெட்டிக்கொண்டிருந்தாள், பிள்ளை வாளியின் மூடியோடு போராடிக்கொண்டிருந்தாள். அம்மம்மா மெல்ல வந்து ஒரு கட்டையை எடுத்தார். காதருகே வைத்துக் குலுக்கினார். கவிழ்த்துப் பார்த்தார். பிறகு வாளியையும் தூக்கி அதன் அடிப்பாகத்தை விரலால் தடவினார்.

"என்ன அம்மா தேடுகிறீர்கள்?" என்றேன்.

"பற்றரி போடும் இடம் எங்கே பிள்ளை?" என்றார்.

தோழி கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். அவள் சிரிப்பது வெளியே கேட்டது.