சேலம் ஆபீஸில் ஜென்கின்ஸ்: ஒரே உபுண்டு பெட்டியில் சில வருட அனுபவம்

எங்கள் ஆபீஸ் சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இருக்கிறது. ஜவ்வரிசி ஆலைகளுக்கும் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கும் பில்லிங், கணக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். ஆளுக்கொரு மாற்றம் கேட்பார்கள். பதிப்புகள் பெருகி, கையால் பில்டு போட்டு (கோடை இயங்கும் மென்பொருளாகத் தொகுத்து) மாளாது என்ற நிலை வந்தபோது, அந்த வேலையைத் தானாகச் செய்யும் ஜென்கின்ஸ் என்ற மென்பொருளுக்கு மாறினோம். மூலையில் சும்மா கிடந்த மேசைக் கணினி, 8 ஜிபி ரேம், உபுண்டு சர்வர் (லினக்ஸ் இயங்குதளம்). இன்றுவரை அதே பெட்டிதான்.

நிறுவுவதைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. முதலில் ஜாவா. அப்புறம் ஜென்கின்ஸின் சாவியையும் ரெப்போவையும் (பேக்கேஜ்கள் கிடைக்கும் களஞ்சியம்) சேர்த்து, உபுண்டுவின் நிறுவல் கருவியான ஆப்ட் வழியாக இன்ஸ்டால். பிரவுசரில் 8080 போர்ட்டைத் திறந்தால் பாஸ்வேர்டு கேட்கும். அது சர்வரிலேயே சீக்ரெட்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு ஃபைலில் இருக்கும். வாராவாரம் வரும் பதிப்பு நமக்கு வேண்டாம், நீண்டகால ஆதரவுள்ள எல்டிஎஸ் பதிப்பு போதும்.

போர்ட்டை மாற்றப் போகும்போதுதான் பலர் தடுமாறுகிறார்கள். 8080-இல் ஏற்கெனவே டாம்கேட் என்ற வெப் சர்வர் உட்கார்ந்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும். பழைய குறிப்புகள் எல்லாம் இடிசி டிஃபால்ட் ஃபோல்டரில் உள்ள ஃபைலைத் திருத்தச் சொல்லும். 2022-இல் ஜென்கின்ஸ் பேக்கேஜ்கள், லினக்ஸில் சர்வீஸ்களை இயக்கும் சிஸ்டம்டிக்கு மாறிவிட்டன. அதற்குப் பிறகு அந்த ஃபைலில் என்ன எழுதினாலும் ஒன்றும் நடக்காது. சிஸ்டம்சிடிஎல் எடிட் என்ற கட்டளை கொடுத்து, திறக்கும் ஓவர்ரைடு ஃபைலில் போர்ட் எண்ணை எழுத வேண்டும்.

ஜாவா விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 2022-இல் ஜென்கின்ஸ் ஜாவா 8-ஐக் கைவிட்டு 11 கேட்டது. 2024 அக்டோபரில் வந்த 2.479.1 எல்டிஎஸ் குறைந்தது 17 கேட்டது. ஆப்ட் அப்கிரேடு சத்தமில்லாமல் ஜென்கின்ஸை ஏற்றிவிடும், ஜாவா பழையதாகவே நிற்கும், சர்வீஸ் எழுந்திருக்காது. அதனால் எங்கள் பெட்டியில் ஜென்கின்ஸ் பேக்கேஜை ஆப்ட் ஹோல்டில் (தானாகப் புதுப்பதிப்பு ஏறாதபடி) வைத்திருக்கிறோம். வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, ஜாவாவை ஏற்றி, பிறகுதான் ஹோல்டை எடுப்போம். ஒரு விதிவிலக்கு உண்டு: பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றே. 2024 ஜனவரியில் ஜென்கின்ஸின் கமாண்ட் லைன் வழியாக சர்வரில் உள்ள ஃபைல்களை வெளியாள் படிக்க முடிகிற ஓட்டை தெரியவந்து, 2.426.3-இல் அடைத்தார்கள். அப்படிப்பட்டதைத் தள்ளிப்போடக் கூடாது.

ஏற்காட்டிலிருந்து வேலை பார்க்கும் தம்பி ஒருவர் இருக்கிறார். ஜென்கின்ஸை இணையத்தில் திறந்து வைக்காமல் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் பாதுகாப்பாக வர அவருக்கு வயர்கார்டு விபிஎன் கொடுத்திருக்கிறோம். முன்பெல்லாம் மழை நாளில் மலையில் நெட் திணறும்போது முழு இன்ஸ்டாலரையும் அவர் அப்லோடு செய்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்போது கோடைச் சேமித்து வைக்கும் கிட் (Git) கருவியில் சில கேபி கோடு தள்ளினால் போதும், பில்டை இங்கிருக்கும் பெட்டி பார்த்துக்கொள்கிறது. எனக்குக் கிடைத்த பலன்களில் இதுதான் பெரியது.

டிஸ்க்கை மறந்தால் வம்பு. காலி இடம் 1 ஜிபிக்குக் கீழே போனால் ஜென்கின்ஸ் அந்த நோடை (பில்டு ஓடும் கணினியை) தானாகவே ஆஃப்லைன் ஆக்கிவிடும். வேலைகள் வரிசையில் நிற்கும், எதுவும் ஓடாது. பில்டின் படிகளை எழுதி வைக்கும் ஒவ்வொரு ஜென்கின்ஸ்ஃபைலிலும் பழைய பில்டுகளைக் கழிக்கும் வரியைச் சேர்ப்பது எங்களிடம் கட்டாயம்.

மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் யுபிஎஸ் எவ்வளவு நேரம் தாங்கும்? கரண்ட் வந்து பெட்டி எழுந்ததும் பைப்லைன் (பில்டின் படிவரிசை) விட்ட இடத்திலிருந்து தொடர முயலும். ஆனால் ஷெல் கட்டளை ஓடியதும் அதே பெட்டியில்தான் என்பதால் அது எப்போதோ செத்திருக்கும், பில்டு சிவப்பாகிவிடும். சரி, திரும்ப ஒரு முறை தட்டிவிட வேண்டியதுதான்.

பேக்கப் எடுப்பவர்கள் ஜாப்ஸ் ஃபோல்டரோடு நிறுத்திவிடாதீர்கள். சீக்ரெட்ஸ் ஃபோல்டரில் இருக்கும் மாஸ்டர் கீ இல்லாவிட்டால் சேமித்த பாஸ்வேர்டுகளை வேறு பெட்டியில் பிரிக்கவே முடியாது. அந்த ஃபோல்டரை மட்டும் தனியாக, வேறு இடத்தில் வையுங்கள்.

கோடு கிட்ஹப்பில் இருக்கிறது, வெறும் வெப்சைட்தான் என்றால் இந்தப் பாடெல்லாம் படத் தேவையில்லை, கிட்ஹப்பே பில்டு ஓட்டித் தரும் கிட்ஹப் ஆக்ஷன்ஸ் தாராளமாகப் போதும். எங்களை ஜென்கின்ஸில் பிடித்து வைத்திருப்பது தராசு. கொலுசுப் பட்டறைக்காரர், “ஏங் கண்ணு, பில்லுல பத்து மில்லி குறையுதே” என்று (மில்லிகிராமைச் சொல்கிறார்) போன் போட்டால் பதில் சொல்லியாக வேண்டும். அதனால் நிஜமான எலக்ட்ரானிக் தராசு ஒன்றை யுஎஸ்பி சீரியல் கேபிளில் பெட்டியோடு மாட்டி, எடைக்கல் வைத்து, ஒவ்வொரு பில்டிலும் அதன் எண்ணைப் படித்துச் சோதிக்கிறோம். இதற்கு ஜென்கின்ஸ் பயனரை, சீரியல் போர்ட்டைத் திறக்க அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி மறுப்பு வரும். இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் போர்ட்டைத் திறந்தால் எண் கந்தலாகிவிடும். லாக்கபிள் ரிசோர்சஸ் என்ற ப்ளகின் (ஜென்கின்ஸுக்கான கூடுதல் நிரல்) போட்டுத் தராசுக்குப் பூட்டு வைத்திருக்கிறோம். புது ப்ளகின் என்றாலே வேண்டாம் என்பவன் நான். இதை மட்டும் நானே கேட்டு வாங்கிப் போட்டேன்.