இளம்பிள்ளைத் தறி, சேலம் ஆபீஸ், ஏற்காட்டு வீடு: எங்கள் வீடியோ மீட்டிங் அனுபவம்

எங்கள் ஆபீஸ் சேலம் நாலு ரோடு பக்கம். தறிகள் இளம்பிள்ளையில். கம்பெனியின் மூத்த டைரக்டரான பெரியப்பா ஏற்காட்டில் காபித் தோட்டத்தோடு இருக்கிறார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறி வாராவாரம் வந்துபோகிற வயது அவருக்கு இல்லை. சேலை எடுக்கிற பார்ட்டிகள் விஜயவாடா, ஹூப்ளி, புனே என்று ஆளுக்கொரு திசையில். 2020 லாக்டவுனில் வேறு வழியில்லாமல் ஆரம்பித்த வீடியோ மீட்டிங், இன்றைக்கும் திங்கட்கிழமை காலையில் தவறாமல் நடக்கிறது. இந்த வருஷங்களில் ஆப் மாறியது, மைக் மாறியது, மீட்டிங் நடக்கிற அறையே மாறியது. தெரிந்த ஜவுளிக்காரர்கள் "எந்த ஆப் வாங்கலாம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

ஆப்பைக் கடைசியாக முடிவு செய்யுங்கள் என்பதுதான் என் பதில். மீட்டிங்கில் யாருடைய லைன் எல்லாரையும்விட மோசமோ, அவர் காதில் என்ன விழுகிறது என்று முதலில் பாருங்கள். எங்களுக்கு அது ஏற்காடு.

மலை மேலே ஃபைபர் வந்துவிட்டது. ஆனால் அந்தக் கம்பி தோட்டத்து சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே தொங்கிக்கொண்டு வருகிறது. காற்றடித்து ஒரு கிளை விழுந்தால் போச்சு. கரண்டும் அப்படித்தான். கோடை இடிமழைக் காலத்தில் மின்னல் வெட்டினால் ரூட்டரின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட வேண்டியிருக்கும். இதற்கெல்லாம் எந்த ஆப்பும் பதில் சொல்லாது. பெரியப்பா வீட்டில் நாங்கள் செய்தது மூன்று காரியம். ஃபைபர் பெட்டிக்கும் ரூட்டருக்கும் ஒரு மினி யுபிஎஸ் வைத்தோம். பெரும்பாலான பெட்டிகள் 12 வோல்ட்தான், இருந்தாலும் அடாப்டரின் முதுகில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். அடுத்து, ரூட்டரிலிருந்து லேப்டாப்புக்கு லேன் கேபிள் இழுத்தோம். அது பழைய கல்வீடு. அந்தச் சுவரைத் தாண்டி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வருவதில்லை. மூன்றாவது, ஃபைபர் போனால் மாற்றிக்கொள்ள வேறு கம்பெனி சிம் போட்ட ஒரு போன். வீட்டில் எந்த ஜன்னல் ஓரத்தில் அதற்கு அப்லோடு அதிகம் கிடைக்கிறது என்று ஒவ்வொரு மூலையாகப் பார்த்து, அங்கேயே ஒரு ஸ்டூல் போட்டுவிட்டோம். சனி, ஞாயிறும் மே மாதக் கோடை விழாச் சமயமும் சுற்றுலா வண்டிகள் நிறைந்திருக்கும்போது அந்த சிம்மும் திணறும். திங்கட்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்லோடு என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஸ்பீடு டெஸ்ட்டில் டவுன்லோடு 40, 50 என்று காட்டினால் எல்லாரும் திருப்தியாகிவிடுகிறோம். நாம் பேசுவது மற்றவர்களுக்குப் போய்ச் சேர்வது அப்லோடில்தான். ஜூம் சொல்கிற கணக்குப்படி, குரூப் மீட்டிங்கில் எச்டி வீடியோ அனுப்ப ஏறக்குறைய 2.6 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2.6 மெகாபிட்) அப்லோடு வேண்டும். குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 கேபிபிஎஸ் (நொடிக்கு கிலோபிட்; ஆயிரம் சேர்ந்தால் ஒரு மெகாபிட்) போதும், அதாவது முப்பதில் ஒரு பங்கு. அதனால் எங்கள் வழக்கம் இது: ஆரம்பத்தில் எல்லாரும் கேமரா போட்டு வணக்கம் சொல்வோம். அப்புறம் பெரியப்பா கேமராவை அணைத்துவிட்டுக் குரலில் மட்டும் இருப்பார். அவர் முகம் தெரியாவிட்டாலும் கூட்டம் நடக்கும். அவர் குரல் உடைந்தால் கூட்டம் அங்கேயே நின்றுவிடும்.

தாமதத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு பக்கத்துப் பேச்சு மறுபக்கம் சேர 150 மில்லி செகண்டுக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்று ஐடியு என்ற சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு வகுத்திருக்கிறது. அதைத் தாண்டிப் போகப் போக என்ன ஆகும் என்பது எல்லாருக்கும் தெரியும். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்பார்கள், ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள், "நீங்க சொல்லுங்க", "இல்லைங்க, நீங்க சொல்லுங்க" என்று விலை பேசுகிற நேரம் போய்விடும். விலை பேசும்போது இது சின்ன விஷயமே இல்லை. ஒரு நொடி மௌனத்தைப் பார்ட்டி தயக்கம் என்று எடுத்துக்கொள்வார்.

சரி, சத்தம். நான் பணம் போடச் சொல்கிற முதல் இடம் இதுதான். மேஜையில் வைக்கிற யுஎஸ்பி ஸ்பீக்கர்போன் ஒன்று வாங்குங்கள். மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருப்பதால் எதிரொலியை அதுவே அடக்கிவிடும். லேப்டாப் மைக்கை வைத்து ஐந்து பேர் பேசினால், பக்கத்தில் இருப்பவர் குரல் மட்டும்தான் தெளிவாகப் போகும். மைக்கிலிருந்து தூரம் இரண்டு மடங்கானால் நேராக வருகிற குரல் 6 டெசிபல் குறையும், அறையின் எதிரொலியோ குறையாது. கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி கேட்பது இதனால்தான். ஒரே அறையில் இரண்டு லேப்டாப்பில் மீட்டிங்கைத் திறந்தால், ஒன்றில் மைக்கையும் ஸ்பீக்கரையும் இரண்டையுமே அணைத்துவிடுங்கள். ஒன்றை மட்டும் அணைத்தால் பிரச்சினை போகாது.

தனியாக இருந்து பேசுகிறவர்களுக்கு வயர் போட்ட ஹெட்செட்தான் என் சிபாரிசு. புளூடூத்தில் பாட்டு நன்றாகக் கேட்கும். அதே ஹெட்செட்டில் மைக்கையும் சேர்த்துப் பயன்படுத்த ஆரம்பித்த உடனே, பெரும்பாலானவை போன் பேசும் மோடுக்கு மாறிக்கொண்டு தரத்தைக் குறைத்துவிடும். விலை அதிகமான ஹெட்செட்டிலும் இதைப் பார்க்கலாம்.

ஆபீசில் முன்பு மீட்டிங் நடந்தது முன்பக்கத்துக் கண்ணாடி கேபினில். கிரானைட் தரை, மூன்று பக்கம் கண்ணாடி, மேலே ஏசி. பார்ட்டிகள் வந்தால் உட்கார வைக்க அழகான இடம். ஆனால் குரல் முழுக்க எதிரொலித்தது. பின்னால் இருக்கிற சரக்கு அறையில் ஒருநாள் ஸ்டாக் சொல்வதற்காக லேப்டாப்பைத் திறந்தபோது, ஏற்காட்டிலிருந்து பெரியப்பா, "ஏம்ப்பா, மைக்கு மாத்தினீங்களா? இன்னிக்கு நல்லா கேக்குது" என்றார். மைக் அதேதான். நாலு சுவரிலும் ராக்கில் அடுக்கிய சேலைக் கட்டுகள் எதிரொலியைக் குடித்துவிட்டன. அன்றிலிருந்து மீட்டிங் அங்கேதான். துணித் தொழில் செய்கிறவர்கள் சவுண்ட் பேனலுக்குக் காசு கொடுக்க வேண்டாம். மற்றவர்கள் கனமான திரைச்சீலையும் ஒரு ஜமக்காளமும் போட்டுப் பாருங்கள்.

இளம்பிள்ளை யூனிட்டில் கதை வேறு. பக்கத்து அறையில் விசைத்தறி ஓடும். ஜூமில் பின்னணிச் சத்தத்தைக் குறைக்கும் செட்டிங்கைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வைக்கலாம். ஃபேன் சத்தத்தை அது துடைத்து எடுத்துவிடுகிறது. தறிச் சத்தத்தை அமுக்கும்போது மேஸ்திரியின் பேச்சிலும் கொஞ்சம் கடித்துவிடுகிறது. கதவைச் சாத்திவிட்டு வாயருகே மைக் இருக்கிற ஹெட்செட் போட்டுக்கொள்வதுதான் நிலையான வழி.

அடுத்து நிறம். ஜவுளிக்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். வீடியோவில் காட்டி ஷேடு முடிவு பண்ணாதீர்கள்.

அரக்கு நிறச் சேலை ஒன்றைக் கேமரா முழுக்க விரித்துக் காட்டினால், கேமரா அந்தச் சிவப்பை லைட்டின் சாயம் என்று நினைத்துச் சரிசெய்யப் பார்க்கும். பார்ட்டி பார்ப்பது ஒரு வெளிறிய செங்கல் நிறம். பக்கத்தில் ஒரு வெள்ளை ஏ4 தாளை வைத்தால் ஓரளவு நிதானத்துக்கு வரும். ஜரிகை இன்னும் சிக்கல். லைட் பட்டு மின்னுகிற ஜரிகையைப் பார்த்ததும் கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கும். அதோடு, இந்த மாதிரி வீடியோவில் வெளிச்ச விவரம் முழுதாகப் போகும், நிற விவரம் பொதுவாக அதில் கால் பங்குதான் போகும். முகம் பார்க்க அது தாராளம். பார்டரில் ஓடுகிற மெல்லிய பச்சைக் கோடு பக்கத்து நிறத்தோடு கலந்து கரைந்துவிடும். மயில் கழுத்து நிறத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பாவு (நீள நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம், சேலையைத் திருப்பத் திருப்ப நீலமும் பச்சையும் மாறி மாறி அடிப்பதுதான் அதன் அழகு. வீடியோவில் அது ஏதோ ஒரு நிறமாக நின்றுவிடும்.

அதனால் நாங்கள் பின்பற்றும் முறை: பகல் வெளிச்சத்தில், வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கம் சேலையை வைத்துப் போனின் பின்பக்கக் கேமராவில் போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக முதல் நாளே அனுப்பிவிடுவோம். சாதாரண போட்டோவாக அனுப்பினால் அதுவும் சுருங்கிப் போகும். மீட்டிங்கில் அதே படத்தை ஸ்கிரீன் ஷேர் செய்து டிசைன், புட்டாவின் அளவு, முந்தியின் அமைப்பு இதெல்லாம் பேசுவோம். ஸ்கிரீன் ஷேர் அசைவைக் குறைத்துத் தெளிவைக் காப்பாற்றும் என்பதால் கேமராவில் காட்டுவதைவிடப் பல மடங்கு நன்றாகத் தெரியும். ஷேடுக்கு மட்டும் ஒரு சாண் துணி கட்டிங் பார்சலில் போகும். கையில் துணி இருக்கிற பார்ட்டியோடு வீடியோவில் பேசுவது அருமையான விஷயம். இரண்டு பேரும் ஒரே துணியைத் தொட்டுக்கொண்டு பேசுகிறோம். பேச்சு சீக்கிரம் முடிகிறது, திரும்பி வருகிற சரக்கும் குறைந்திருக்கிறது.

இப்போது ஆப். கூகுள் மீட்டை 2020 மே மாதம் எல்லாருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரில் எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம், லிங்க்கைத் தட்டினால் பிரவுசரிலேயே திறக்கும். புதுப் பார்ட்டிகளுக்கு நாங்கள் அனுப்புவது அதுதான். "ஆப் டவுன்லோட் பண்ணுங்க" என்று சொன்ன உடனே பாதிப் பேர் "போன்லயே பேசிக்கலாமே" என்பார்கள். மீட்டின் இலவசக் கணக்கில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் ஒரு மணி நேரம். ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிஷம், 2022 ஜூலையிலிருந்து இரண்டு பேர் பேசினாலும் அதே 40தான். மைக்ரோசாஃப்ட் டீம்ஸ் இலவசத்தில் குரூப்புக்கு ஒரு மணி நேரம். ஆபீஸ் முழுக்க மைக்ரோசாஃப்ட் மெயிலும் எக்செல்லும் ஓடுகிறவர்களுக்கு டீம்ஸ் வசதி. எங்களுக்கு அந்த அளவு தேவைப்படவில்லை. ஸ்கைப்பில் பழகிய வெளிநாட்டுப் பார்ட்டிகள் வைத்திருந்தவர்களுக்கு 2025 மே மாதத்தோடு அது மூடப்பட்டுவிட்டது என்பது தெரிந்திருக்கும். தமிழ்நாட்டுக் கம்பெனியான ஜோஹோவின் மீட்டிங்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள், கணக்கு வழக்கையும் ஜோஹோவில் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும்.

திங்கட்கிழமை மீட்டிங்குக்கு நாங்கள் ஜூமில் ஒரே ஒரு கட்டணக் கணக்கு வைத்திருக்கிறோம். மீட்டிங்கை நடத்துகிறவருக்கு மட்டும் கட்டினால் போதும், சேர்கிறவர்களுக்குச் செலவு கிடையாது. ஆள் ஆளுக்கு வாங்கச் சொல்லி யாராவது வந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

ஜூமை வைத்துக்கொண்டதற்கு ரெக்கார்டிங்கும் ஒரு காரணம். எங்களுடையது பிரைவேட் லிமிடெட். 2013 கம்பெனிகள் சட்டம் 173-ஆம் பிரிவின்படி டைரக்டர்கள் வீடியோ வழியாகவே போர்டு மீட்டிங்கில் கலந்துகொள்ளலாம், அவர்கள் வந்ததாகவே கணக்கு. ஆண்டுக் கணக்குக்கு ஒப்புதல் கொடுப்பது போன்ற சில விஷயங்களை வீடியோவில் முடிக்கக் கூடாது என்று முன்பு ஒரு விதி இருந்தது. 2021 ஜூனில் அதை எடுத்துவிட்டார்கள். பெரியப்பா மலையிறங்காமலே கணக்குக்கு ஒப்புதல் கொடுக்க முடிவது அதனால்தான். ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். ஆரம்பத்தில் ஒவ்வொரு டைரக்டரும் தன் பெயர், எந்த ஊரிலிருந்து பேசுகிறார், அஜெண்டா கையில் இருக்கிறதா, அறையில் வேறு யாரும் இல்லையா என்பதைச் சொல்ல வேண்டும். நடந்ததைப் பதிவு செய்து, குறைந்தபட்சம் அந்த வருஷத்து ஆடிட் முடியும்வரை பத்திரமாக வைத்திருக்க வேண்டும். மீட்டின் இலவசக் கணக்கில் ரெக்கார்டிங் கிடையாது. ஜூமில் கம்ப்யூட்டரிலேயே சேமிக்கலாம். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆப்பை முடிவு செய்யுங்கள்.

பாதுகாப்பு என்றதும் ஜூம் பற்றி ஒரு பயம் இன்னும் இருக்கிறது. 2020 ஏப்ரலில் உள்துறை அமைச்சகம் அது பாதுகாப்பானதல்ல என்று எச்சரித்தது உண்மை. அதே வருஷம் பாஸ்கோடும் காத்திருப்பு அறையும் தானாகவே வருகிற மாதிரி செய்தார்கள், அக்டோபரிலிருந்து முழு மறையாக்க வசதியும் (மீட்டிங்கில் இருப்பவர்களைத் தவிர நடுவில் யாரும் கேட்க முடியாத ஏற்பாடு) வந்தது. அதைப் போட்டால் கிளவுட் ரெக்கார்டிங் (ஜூமின் சர்வரிலேயே பதிவு சேமிப்பது) வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள். இளம்பிள்ளையில் எங்களுக்கு இருக்கிற உண்மையான பயம் டிசைன் வெளியே போவது. புது டிசைன் அடுத்த தெருத் தறியில் ஓட ஆரம்பிக்க ரொம்ப நாள் ஆகாது. அதனால் காத்திருப்பு அறையை அணைப்பதே இல்லை. யாராவது வெறும் போன் மாடல் பெயரோடு வந்து நின்றால், "பேரை மாத்திட்டு வாங்க" என்று போன் போட்டுச் சொல்லி, அப்புறம்தான் உள்ளே விடுவோம். பழக்கமான பார்ட்டி என்றாலும் அதுதான் முறை, யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் வாங்க வேண்டிய வரிசையைக் கேட்டால்: ஸ்பீக்கர்போன், மினி யுபிஎஸ், லேன் கேபிள், இரண்டாவது சிம், அப்புறம் ஒரு கட்டணக் கணக்கு. பெரிய டிவியும் தனி வெப்கேமும் கையில் காசு மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம். இளம்பிள்ளை யூனிட்டுக்குத் தறிச் சத்தம் வராத ஒரு சின்ன அறையைத் தடுத்துக் கட்டுகிற வேலை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. சுவருக்கு என்ன போடுவது என்று மேஸ்திரி கேட்டார். பழைய சேலைக் கட்டுகளையே ராக் அடித்து அடுக்கச் சொல்லியிருக்கிறோம்.