வேலை முடிந்ததைத் திரையில் சொல்ல: நோட்டிஃபை-சென்டா, கேடயலாக்கா, ஜெனிட்டியா?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் கடையில் பாதி நாள் ஸ்கேன் வேலைதான். கம்பஸ் பிள்ளைகளின் ஆய்வேடுகள், கும்பாபிஷேக மலர்கள், அந்தியேட்டிக்கு அச்சடித்த பழைய கல்வெட்டுகள் (நினைவு மலர்கள்). ஸ்கேன் செய்த பக்கங்களை டெசராக்ட் என்ற மென்பொருள் எழுத்தாக மாற்றி முடிக்கும்வரை, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலையே பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதே கணினியில் வேறு தட்டச்சு வேலை ஓடும். "அண்ணை, முடிஞ்சுதோ?" என்று பிள்ளைகள் கேட்பதற்கு முன் கணினியே சொல்லிவிட்டால் நல்லது.

முதலில் நோட்டிஃபை-சென்ட், லினக்ஸில் திரையில் அறிவிப்புக் காட்டும் கட்டளை. உபுண்டுவிலும் டெபியனிலும் 'லிப்நோட்டிஃபை-பின்' பொதியை நிறுவினால் கிடைக்கும். தலைப்பு ஒன்று, விவரம் ஒன்று என இரண்டு மேற்கோள்களுக்குள் எழுதினால் போதும். தமிழிலேயே எழுதலாம். அவசர நிலை லோ, நார்மல், கிரிட்டிக்கல் என மூன்று. எனக்கு இதில் பிடித்தது கிரிட்டிக்கல். நாமாக மூடும்வரை அது திரையில் நிற்கும். வாடிக்கையாளரோடு பேசிவிட்டுத் திரும்பி வந்தாலும் கண்ணில் படும். எத்தனை நேரம் நிற்க வேண்டும் என்பதை மில்லிசெக்கனில் கொடுக்கலாம், ஆனால் உபுண்டுவில் வழக்கமாக வரும் க்னோம் ஷெல் டெஸ்க்டொப் அந்த எண்ணைக் கண்டுகொள்வதில்லை. புதிய பதிப்புகளில் முந்தைய அறிவிப்பின் எண்ணைக் கொடுத்து அதன் இடத்திலேயே புதியதைக் காட்டலாம். 300 பக்க ஆய்வேட்டுக்கு 300 அறிவிப்புகள் குவியாமல் ஒரே பெட்டியில் பக்க எண் மட்டும் மாறும்.

கேடிஈ பிளாஸ்மா என்ற வேறு டெஸ்க்டொப் உள்ள மற்றக் கணினியில் கேடயலாக் கட்டளை இருக்கிறது. அதன் 'பாசிவ் பாப்அப்' கிட்டத்தட்ட இதே வேலையைச் செய்யும். ஆனால் இங்கே நேரம் செக்கனில். ஒன்றின் கட்டளையைப் பார்த்து மற்றதை எழுதும்போது 10 என்று போட்டால் ஒன்றில் பத்துச் செக்கன், மற்றதில் கண் இமைப்பதற்குள் போய்விடும். நோட்டிஃபை-சென்ட் பிளாஸ்மாவிலும் ஓடுவதால், வெறும் தகவலுக்காகக் கேடயலாக்கைத் தேடிப் போக வேண்டியதில்லை.

ஜெனிட்டியிலும் அறிவிப்பு அனுப்பலாம். ஆனால் அதன் பலம் கேள்வி கேட்பதில். "பழைய கோப்பின் மேல் எழுதவா?" என்று பெட்டி திறந்து, ஆம் என்றால் 0, இல்லை என்றால் 1 எனத் திருப்பித் தரும். கட்டளைகளை எழுதிவைத்த ஸ்கிரிப்ட் அதைப் பார்த்து நடக்கும். பதில் வேண்டிய இடத்தில் மட்டும் இதை வைத்திருக்கிறேன். தகவல் சொல்ல வேண்டிய இடத்தில் பெட்டி திறந்தால், யாரும் அழுத்தும்வரை ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

கடையில் இல்லாதபோது? என்-டி-எஃப்-ஒய் (ntfy) என்ற அறிவிப்புச் சேவைக்குக் கர்ல் (curl) கட்டளையில் ஒரு வரி அனுப்பினால் கைபேசிக்கு வந்துவிடும். அதன் பொதுச் சர்வரில் நாம் செய்தி அனுப்பும் 'டொபிக்'கின் பெயர் தெரிந்த யாரும் செய்தியைப் படிக்கலாம் என்பதை மறக்கக் கூடாது. கல்வெட்டு வேலையில் குடும்பத்தாரின் பெயர்கள் இருக்கும். ஆகவே வேலை எண்ணை மட்டும் அனுப்புகிறேன்.

எதைத் தேர்ந்தாலும் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று கிரான், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் நிரல். அதில் ஓடும் ஸ்கிரிப்டுக்கு நம் டெஸ்க்டொப்பின் டீ-பஸ் (அறிவிப்புகள் போய்ச் சேரும் வழி) முகவரி தெரியாது. இரவு பேக்கப் முடிந்தும் அறிவிப்பு வராமல் இரண்டு நாள் தேடிய பிறகே இது எனக்கு விளங்கியது. 'டீபஸ் செஷன் பஸ் அட்ரஸ்' மாறியை ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் எக்ஸ்போர்ட் செய்துவிட்டால் சரி.

மற்றது இதைவிட முக்கியம். கட்டளைக்குப் பின் அரைப்புள்ளி (;) போட்டு அறிவிப்பை எழுதியிருந்தேன். ஒரு பின்னேரம் வன்தட்டு நிறைந்து டெசராக்ட் பாதியில் நின்றது, திரையில் "முடிந்தது" என்று வந்தது. அரைப்புள்ளி வெற்றி தோல்வி பார்க்காது. நாற்பது பக்கம் குறைவதைக் கோப்பைத் திறந்து பார்த்த பிள்ளைதான் கண்டுபிடித்தது. இப்போது வெற்றிக்கு இரட்டை ஆம்பர்சண்டுக்குப் (&&) பின் ஒரு சாதாரண அறிவிப்பு. தோல்விக்கு வேலை எண்ணோடு ஒரு கிரிட்டிக்கல்.