லேப் சர்வருக்கு எந்த என்எஃப்எஸ்? 3, 4.0, 4.1 ஓர் அலசல்

குமரி மாவட்டத்தில் ஐப்பசி, கார்த்திகை என்றால் மழையும் கரண்ட் கட்டும் சேர்ந்தே வரும். 2017 ஒக்கிப் புயலுக்குப் பிறகு நாங்கள் சர்வர் அறைக்கும் லேப் மெஷின்களுக்கும் நல்ல யூபிஎஸ் போட்டுவிட்டோம். வராந்தா சுவரில் மாட்டியிருந்த நெட்வொர்க் சுவிட்ச்சை யாரும் நினைக்கவில்லை. அந்த ஒரு பெட்டிதான் ஃபைல் சர்வர்களைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தது.

நாகர்கோவில் பக்கம் ஓர் இன்ஜினியரிங் கல்லூரி லேப். எல்லா மெஷினிலும் லினக்ஸ், மாணவர்களின் ஹோம் ஃபோல்டர் எல்லாம் ஒரே சர்வரில், என்எஃப்எஸ் 3 வழியாக. சர்வரில் இருக்கும் ஃபைல்களை நெட்வொர்க் வழியே நம் மெஷினில் இருப்பதுபோலப் பயன்படுத்த வைப்பதுதான் என்எஃப்எஸ், 3, 4.0, 4.1 எல்லாம் அதன் பதிப்புகள். பிராக்டிகல் நாளில் ஒரு மாணவி தன் ரெக்கார்ட் ஃபோல்டருக்குப் பெயர் மாற்ற என்டர் தட்டிய நேரம் கரண்ட் போனது. ஜெனரேட்டர் போட ஆள் வருவதற்குள் ஐந்து நிமிஷம். கரண்ட் வந்ததும் திரையில் வந்த செய்தி: அப்படி ஒரு ஃபைலோ ஃபோல்டரோ இல்லை. லேப் அண்ணாச்சி ஓடி வந்தார். "மக்களே, அந்தப் பிள்ளை அழுதுட்டு நிக்கி, கொஞ்சம் வந்து பாரு." போய்ப் பார்த்தால் ஃபோல்டர் புதுப் பெயரில் பத்திரமாக இருந்தது. வேலை முடிந்திருந்தது, முடியவில்லை என்று பதில் வந்திருந்தது.

என்ன நடந்தது? பெயர் மாற்றும் கோரிக்கை சர்வருக்குப் போய்ச் சேர்ந்து, வேலையும் நடந்துவிட்டது. பதில் திரும்பும் வழியில் சுவிட்ச் செத்துவிட்டது. பதில் வராததால் கிளையண்ட், அதாவது அந்த லேப் மெஷின், புது இணைப்பில் அதே கோரிக்கையை மறுபடி அனுப்பியது. சர்வர் அதைப் புது வேலையாக எடுத்துக்கொண்டு பழைய பெயரைத் தேடியது. பழைய பெயர் எங்கே இருக்கும்?

1995-இல் வந்த என்எஃப்எஸ் 3-இல் செஷன், அதாவது சர்வரும் கிளையண்டும் ஒருவரையொருவர் ஞாபகம் வைத்துப் பேசும் தொடர், என்ற பேச்சே இல்லை. சர்வர் கிளையண்டை ஞாபகம் வைப்பதில்லை, ஒவ்வொரு கோரிக்கையும் தனி. படிப்பதற்கு அது அருமை, பத்துத் தடவை படித்தாலும் ஒன்றும் கெடாது. பெயர் மாற்றுவது, அழிப்பது போன்றவற்றை இரண்டு தடவை செய்தால்தான் வம்பு. அதற்காகச் சர்வர்கள் சமீபத்துப் பதில்களைக் கொஞ்ச நேரம் நினைவில் வைக்கும். லினக்ஸில் ஒரு பதிவின் ஆயுள் 120 விநாடி. எங்கள் ஜெனரேட்டர் ஐந்து நிமிஷம். இதைவிட மோசமாகவும் போகலாம்: நடுவில் வேறொருவர் பழைய பெயரில் புது ஃபைல் ஒன்றை உண்டாக்கியிருந்தால், தாமதமாக வந்து சேரும் அந்தக் கோரிக்கை ஏற்கெனவே பெயர் மாறிய நல்ல ஃபைலின் மேல் இந்தப் புது ஃபைலைத் தூக்கிப் போட்டுவிடும்.

சரி, 4.0-க்குப் போனால்? பாதி தூரம்தான். ஃபைலைத் திறப்பது, மூடுவது, லாக் போடுவது ஆகியவற்றுக்கு வரிசை எண் உண்டு, எண் பிசகினால் சர்வர் மறுத்துவிடும். ஆனால் பெயர் மாற்றலுக்கும் அழித்தலுக்கும் அந்த எண் கிடையாது. அவை பழையபடி அந்தத் தற்காலிக நினைவை நம்பித்தான் இருக்கின்றன. போதாததற்கு, ஒரு ஃபைலைத் தன்னிடமே வைத்துக் கையாளக் கிளையண்டுக்குக் கொடுத்த உரிமையைத் திரும்பக் கேட்கச் சர்வரே கிளையண்டை நோக்கி ஒரு தனி இணைப்பு போட வேண்டும். லேப் மெஷினின் ஃபயர்வால் அதைத் தடுத்தால் அந்த வசதியே இல்லை. புதிதாகப் போடுகிறவர்கள் 4.0-ஐத் தேர்ந்தெடுக்க ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

2010-இல் தரமாக வெளிவந்த 4.1-தான் விஷயத்தை நேராக்கியது. முதலில் கிளையண்ட் தன்னை யார் என்று சொல்ல வேண்டும், பிறகு செஷன் உருவாக்க வேண்டும். அதற்குப் பிறகு அனுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக் கட்டிலும் முதல் வேலை 'சீக்வென்ஸ்' ஆகத்தான் இருக்க வேண்டும். அது இல்லாமல் நேராக வேலையைக் கேட்டால், செஷனுக்குள் வராத வேலை என்று சர்வர் திருப்பி அனுப்பும். சீக்வென்ஸை இடையில் செருகினால், இடம் தப்பு என்று ஒரு பிழை. செஷன் உருவாக்குவது போன்ற சில வேலைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. சீக்வென்ஸ் இல்லாமலே வரலாம், ஆனால் கூட வேறு வேலையைக் கட்டிக்கொண்டு வரக் கூடாது. எந்த ஃபைல் என்று சொல்லாமல் வேலையைச் சொன்னாலும் நடக்காது. கல்யாணப் பந்தியில் இலை போடாமல் யார் பருப்பு ஊற்றுவார்கள்?

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது ஸ்லாட், அதாவது செஷனுக்குள் ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கை மட்டும் போகும் தனி வரிசை. சீக்வென்ஸில் ஒரு ஸ்லாட் எண்ணும் அந்த ஸ்லாட்டுக்கான வரிசை எண்ணும் இருக்கும். ஸ்லாட் 3-இல் கடைசியாக 41 என்று வைத்துக்கொள்வோம். 42 வந்தால் புது வேலை. 41-ஏ மறுபடி வந்தால், வேலையைத் திரும்பச் செய்யாமல் சேமித்த பதிலைக் கொடுக்கும். வேறு எந்த எண் வந்தாலும் வரிசை தவறு என்று மறுக்கும். 42 வந்துவிட்டாலே 41-க்கான பதில் கிளையண்டுக்குக் கிடைத்துவிட்டது என்று அர்த்தம், பழையதைத் தூக்கிப் போடலாம். ஒரு ஸ்லாட்டுக்கு ஒரு பதில் வைத்திருந்தால் போதும். 120 விநாடி என்று கடிகாரம் பார்த்துக் குத்துமதிப்பாக மறக்க வேண்டியதில்லை. நெட்வொர்க்கில் போகும் செய்திகளைக் காட்டும் வயர்ஷார்க்கில், என்எஃப்எஸ் பயன்படுத்தும் 2049 போர்ட்டைத் திறந்து இந்த எண்கள் ஒவ்வொன்றாக ஏறுவதை ஒரு தடவை பாருங்கள், மனசில் நிற்கும்.

ஆனால் 4.1 எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நான் சொல்லமாட்டேன். இந்த உத்தரவாதம் செஷன் உயிரோடு இருக்கும் வரைதான். லினக்ஸ் சர்வர் ரீபூட் ஆனால் சேமித்த பதில்களும் போய்விடும். கிளையண்ட் சத்தமில்லாமல் இருந்தால் சர்வர் பொறுக்கும் கெடுவும் பொதுவாக 90 விநாடிதான். 5.19-க்கு முந்தைய லினக்ஸ் கெர்னல்களில் (லினக்ஸின் மையப் பகுதி) கெடு தாண்டியதும் சர்வர் அந்தக் கிளையண்டைக் கழித்துக்கட்டிவிடும். 5.19 முதல், திறந்த ஃபைல்கள் இருந்து, அவற்றுக்கு வேறு யாரும் போட்டிக்கு வராவிட்டால் 24 மணி நேரம் வரை பொறுக்கும். எங்கள் ஐந்து நிமிஷத்துக்கு அந்தப் பொறுமை அவசியம். அதனால் 4.1 போடுகிறவர்கள் சர்வர் கெர்னலையும் சேர்த்துப் பாருங்கள்.

4.1-க்கு மாறிய முதல் வாரம் எங்களுக்கு இன்னொரு சோதனை. ஒரு மெஷின் நன்றாக ஓடும்போது பக்கத்து மெஷின் உறையும், அது எழும்போது இது உறையும். லேப் முழுவதும் ஒரே டிஸ்க்கிலிருந்து குளோன் செய்தது, எல்லா மெஷினுக்கும் ஒரே ஹோஸ்ட்நேம் (நெட்வொர்க்கில் மெஷினின் பெயர்). லினக்ஸ் கிளையண்ட் தன்னை அடையாளம் சொல்வதே அந்தப் பெயரை வைத்துத்தான். இரண்டாவது மெஷின் வந்ததும், முதல் மெஷின்தான் ரீபூட் ஆகி வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு சர்வர் பழைய செஷனை அழித்துவிடும். அதில் சர்வர் மேல் தப்பில்லை. ஒரு சாயங்காலம் அண்ணாச்சியும் நானும் உட்கார்ந்து ஒவ்வொரு மெஷினுக்கும் தனிப் பெயர் கொடுத்தோம், அதோடு சரியானது. என்எஃப்எஸ் 3-இல் இந்தச் சிக்கல் எங்களுக்கு வந்ததே இல்லை. அதற்காக நான் திரும்பிப் போகமாட்டேன்.

ஆபீஸில் இருக்கும் விண்டோஸ் மெஷின்களுக்கு, விண்டோஸின் ஃபைல் பகிர்வு முறையான எஸ்எம்பி போதும். அங்கேயும் பேச்சுவார்த்தை, செஷன், ஷேர் இணைப்பு, அப்புறம்தான் ஃபைல் என்று வரிசை உண்டு. அனுமதித்த வரம்புக்கு வெளியே ஒரு செய்தி எண் வந்தால் சர்வர் இணைப்பையே துண்டித்துவிடும். லினக்ஸ் லேப்புக்கு அதை இழுத்து வருவதில் எனக்கு விருப்பமில்லை, ஃபைல் உரிமைகளைப் பொருத்துவதிலேயே நேரம் போகும்.

இப்போது எங்கள் லேப்பில் ஹோம் ஃபோல்டர்கள் 4.1-இல் இருக்கின்றன. யாரும் எழுதாத சாஃப்ட்வேர் ஃபோல்டர் ஒன்று மட்டும் இன்னும் 3-இல். வராந்தா சுவிட்ச்சுக்கும் ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கி மாட்டியாயிற்று.