ராப்பி பை செய்ய ஜூசர் வாங்கலாமா?

இரண்டு கிலோவுக்கு மேல் உருளைக்கிழங்கு என்றால் தாராளமாக வாங்கலாம். குறைவென்றால் துருவியும் ஒரு வெள்ளைத் துணியும் போதும்.

துருவிப் பிழிந்த உருளைக்கிழங்கையும் கோழியையும் அடுக்கிச் சுடும் ராப்பி பை, கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வாழும் அக்காடியரின் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு. 1755இல் ஆங்கிலேயர் ஊரைவிட்டே துரத்திய பிரெஞ்சுக் கத்தோலிக்கர் அவர்கள். திரும்பி வந்தவர்கள் 1768 முதல் செயின்ட் மேரிஸ் குடாவின் கரையில் குடியேறினார்கள். அங்கே சர்ச் பாயின்ட் என்ற சின்னக் கிராமத்தில், 1905இல் பெரிய மரத் தேவாலயம் ஒன்றைக் கட்டி முடித்தார்கள். இப்படிக் கப்பலேற்றிக் குடும்பங்களைப் பிரித்த கதை இலங்கை மலையகத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

கிழங்கிலிருந்து பிழிந்த தண்ணீரின் அளவுக்குக் கொதிக்கும் கோழிச்சாறு திரும்பப் போகவேண்டும். சமையலின் உயிரே இதுதான். ஜூசர் சக்கையையும் தண்ணீரையும் தனித்தனியே தருவதால் அளப்பது சுலபம். ஆனால் நுரை ஏமாற்றும். பத்து நிமிடம் அடங்கவிட்டு அளக்கவும். 2.5 கிலோ கிழங்குக்கு 1.5 கிலோ கோழியை வெங்காயத்தோடு அவித்து, சாறு 2 லீற்றருக்குக் குறையாமல் வைத்துக்கொள்ளுங்கள். அளவு சற்றுக் கூடினால் பரவாயில்லை. குறைந்தால் பை ரப்பர் மாதிரி இறுகிவிடும்.

நுவரெலியாவில் பலருக்குத் தவறிப்போவது இங்கேதான். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். குளிர்ந்த சக்கையில் ஊற்றியதும் சூடு சட்டென இறங்க, மா வேகாமல் வெள்ளையாகவே கிடக்கும். சக்கைப் பாத்திரத்தை வெந்நீரில் வைத்து, சாற்றை மூன்று தடவையாக ஊற்றிக் கிண்டவும். வெள்ளை மாறி, சவ்வரிசிக் கஞ்சிபோல் கண்ணாடித் தன்மை வரவேண்டும். வரவில்லையா, மெல்லிய தீயில் வைத்துக் கிண்டினால் சரியாகிவிடும். பாதியை வெண்ணெய் பூசிய தட்டில் பரப்பி, இறைச்சியை அடுக்கி, மீதியால் மூடி, ஓவனில் 200 பாகையில் இரண்டு மணித்தியாலம் விடுங்கள். மேல்தோல் நன்றாகச் சிவக்காமல் எடுக்கவேண்டாம்.

ஜூசரின் பெரிய குறை சல்லடை. கிழங்கு மா கண்களை அடைத்துக்கொள்ளும். வேலை முடிந்த கையோடு பச்சைத் தண்ணீரில் தேய்த்துக் கழுவவும். வெந்நீர் பட்டால் மா பசையாகிப் பிடித்துவிடும். மின்னழுத்தம் குறைந்த தோட்டப்புற வீடுகளில் மோட்டார் திணறும், சக்கையும் ஈரமாக வரும். அதைத் துணியில் இன்னொருமுறை பிழிந்து, அந்தத் தண்ணீரையும் அளவோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

புதுக்கிழங்கைவிடச் சில வாரம் வைத்த கிழங்கு நல்லது, தண்ணீர் குறைவு. அக்காடியர் மொலாசஸ் என்ற கரும்புப் பாகை ஊற்றிச் சாப்பிடுவார்கள். நம்முடைய கித்துள் பாணி அதற்கு அருமையாகப் பொருந்துகிறது.